மஞ்சள் படிந்த பஞ்சு

நான் வேலை பார்த்த ஆய்வகத்திலிருந்து சமீபத்தில் ஒரு அழைப்பு வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கும் கௌசல்யா, "புதுசா ஒரு டெஸ்ட் கிட் வந்திருக்குது சார், வந்து பாருங்க" என்றாள். போனேன். குச்சி முனையில் சுற்றித் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சை ஒரு சின்னக் குழாயில் மருந்து விட்டுக் கலக்கினாள். அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தினாள். வாங்கி வரச் சொன்ன டீ வருவதற்குள் பட்டையில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இருக்கிறது என்று அர்த்தம்.

"உங்க காலத்துல இதுக்கு எவ்ளோ நேரம் ஆவும் சார்?"

"ரெண்டு நாள். கரண்ட் போகாம இருந்தா."

"அதுவரைக்கும் பேஷண்ட் இன்னா பண்ணுவாரு?"

"எச்சில முழுங்க முடியாம முழுங்கிகிட்டு இருப்பாரு."

அவள் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் காலத்தில் எல்லாமே உசத்தி என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பட்டை அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் கௌசல்யா அடுத்து ஒன்று கேட்டாள்: "இது எப்பவாவது தப்பா சொல்லுமா சார்?" அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் அடி அண்ணாமலை. வீட்டில் நிலம் கொஞ்சம், செம்மறி ஆடு நிறைய. பி.யு.சி. முடித்துவிட்டுச் சென்னையில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். அந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை விடத் தின்ற புரோட்டா ஜாஸ்தி. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மலம், சிறுநீர், ரத்தம், சளி இந்த நான்கும்தான் என் உலகம். நோய்க்கிருமியை வளர்த்துப் பார்ப்பது என்பதெல்லாம் வேலூரிலும் சென்னையிலும் நடக்கிற பெரிய இடத்து விவகாரம் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் ஹேமலதா வந்த பிறகுதான் அது மாறியது. சென்னைக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயது சின்னவர். ஒல்லியான உடம்பு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி, யாரோ துரத்துவது போன்ற நடை. டீயை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடுவார், ஆடை கட்டிய பிறகு ஞாபகம் வந்து ஒரே மடக்கில் குடிப்பார். கோபம் வந்தால் பேசமாட்டார். மைக்ராஸ்கோப்பின் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் லென்ஸ்கள் எப்போதும் பளபளவென்று இருந்தன.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எதையாவது பார்த்துவிட்டு அதன் பெயரைச் சொன்னால் பிடிக்காது. "பேர் அப்புறம். கண்ணுக்கு என்ன தெரியுது, அதச் சொல்லுங்க ஏழுமலை" என்பார். உருண்டையா, குச்சியா, என்ன நிறம், தனியா, கூட்டமா, எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பெயர். ஆரம்பத்தில் எனக்கு இது அவமானமாக இருந்தது. ஏழு வருஷம் வேலை பார்த்தவனிடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பது போல் கேட்கிறாரே என்று உள்ளுக்குள் கறுவினேன்.

அவர் வந்ததும் கேட்ட முதல் பொருள் ஆட்டு ரத்தம்.

தொண்டையைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அதை ரத்தம் கலந்த பாகில் வளர்க்க வேண்டும். கடல்பாசியிலிருந்து எடுத்த அகர் என்ற தூளைக் காய்ச்சி, சூடு குறைந்ததும் ரத்தம் கலந்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் இறுகிச் செக்கச் செவேலென்று நிற்கும். அதன் மேல் தொண்டைப் பஞ்சைத் தேய்த்து, உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி வைத்தால், மறுநாள் கிருமிகள் குட்டிக் குட்டிப் புள்ளிகளாக வளர்ந்திருக்கும். நம்முடைய எதிரி வளர்ந்த இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து தெளிந்த வளையம் விழும். வேறு பல கிருமிகள் நம் தொண்டையில் சாதாரணமாகக் குடியிருப்பவை. அவற்றைச் சுற்றிப் பச்சை பூத்தது போல் இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது.

ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தம் சும்மா கிடக்கிறதே, அதைப் போடலாமே என்றேன். "அதுல கிருமிய எதிர்க்கற சத்து இருக்கும், உறையாம இருக்க மருந்தும் கலந்திருப்பாங்க. வளையம் ஒழுங்கா விழாது. செம்மறி வேணும்" என்றார். செம்மறி என்றதும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. அண்ணனிடம் போய்க் கேட்டேன்.

"கறிக்கு ஆடு கேளு, பாத்து பண்ணலாம். உசுரோட ரத்தம் எடுத்துகினு ஆட்டத் திருப்பித் தரேன்னா இன்னாடா அர்த்தம்? நீ ஆஸ்பத்திரில வேல செய்றியா, மந்திரவாதிகிட்ட வேல செய்றியா?" என்றார் அண்ணன்.

டாக்டரே ஊருக்கு வந்தார். ஆட்டின் கழுத்து ரோமத்தை மழித்து, ஸ்பிரிட் தடவி, ஊசி போட்டு, கண்ணாடி மணிகள் கிடந்த குடுவையில் ரத்தத்தை இறக்கினார். குடுவையை வாங்கி நான் விடாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் ரத்தம் உறைந்துவிடும். சுழற்றச் சுழற்ற, உறைய வேண்டியதெல்லாம் நார் நாராக மணிகளில் சுற்றிக்கொள்ளும், மிச்சம் தண்ணீராக நிற்கும். அண்ணன் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு எழுந்து உதறிக்கொண்டு போய்த் தழை தின்ன ஆரம்பித்ததும், "மேடம், அடுத்த வாட்டி அந்தக் கொழுத்ததுல எடுங்க, இது சூலு ஆடு" என்றார். அதற்குப் பிறகு எங்களுக்கு ரத்தத்துக்குக் குறை வந்ததே இல்லை.

முதல் முறை பாகு சூடாக இருக்கும்போதே ரத்தத்தைக் கொட்டிவிட்டோம். மொத்தமும் சாக்லேட் நிறமாகி வீணானது. பிறகு குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, சுடாமல் கதகதவென்று இருந்தால் ஊற்றுவது என்று பழகினோம். ஊற்றிய தட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இனிமேல் வேலூருக்குப் போக வேண்டாம், தொண்டைக்காரர்கள் எல்லாரும் வாருங்கள் என்று கத்தலாம் போல இருந்தது.

தீபத் திருவிழா முடிந்த கையோடு தொண்டைக்காரர்கள் வந்தார்கள். பனி, புழுதி, ஜனநெரிசல் எல்லாம் சேர்ந்து அந்த நாட்களில் ஊரே இருமும். வந்த பஞ்சை எல்லாம் தட்டில் தேய்த்தோம். மறுநாள் திறந்து பார்த்தால் தட்டு சுத்தமாக இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. எப்போதாவது ஒரு தட்டில் இரண்டு மூன்று புள்ளி இருக்கும், அதுவும் சாதாரணக் கிருமி. மற்ற டாக்டர்கள் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். "ஹேமலதா லேபுக்குப் போனா போதும், வியாதி தானா ஓடிடுது" என்று ஒருவர் கேன்டீனில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் அறைக்கு வந்து லென்ஸ் துடைத்தார்.

இந்தச் சமயத்தில்தான் மும்தாஜ் வந்து சேர்ந்தாள்.

சின்னக்கடைத் தெருப் பக்கம் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற காதர் பாயின் மகள். ஒன்பது வயது. காய்ச்சலோடு வலது முழங்கால் வீங்கி வந்தாள். இரண்டு நாளில் அந்த வீக்கம் வடிந்து இடது கணுக்காலுக்குப் போனது. அவளால் ஒண்ணுக்குப் போகக்கூட எழுந்து நடக்க முடியவில்லை, காதர் பாய்தான் தூக்கிக்கொண்டு போவார். எங்கள் பெரிய டாக்டர் அவள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகு நேரம் கேட்டார். லேசாக ஒரு சத்தம் கேட்பது போலவும் இருக்கிறது, கேட்காதது போலவும் இருக்கிறது என்றார்.

விஷயம் இதுதான். தொண்டையில் வரும் அந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸை அப்படியே விட்டால், சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழித்து மூட்டுக் காய்ச்சலாக வரும். மூட்டு தானாகச் சரியாகிவிடும். ஆனால் இதயத்தின் வால்வு கெட்டுப்போகும். மறுபடி மறுபடி தொண்டை கெட்டால் வால்வு மறுபடி மறுபடி அடி வாங்கும். அதைத் தடுக்க ஒரே வழி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, இருபது இருபத்தொரு வயது வரைக்கும். மும்தாஜுக்கு வந்திருப்பது அதுதானா, இல்லை டைபாய்டா, எலும்புருக்கியா? அது இல்லை என்று ஊசி போடாமல் விட்டால் இதயம் போய்விடும். அதுதான் என்று தப்பாகச் சொல்லிவிட்டால், வேறு வியாதியை உள்ளே விட்டுவிட்டு ஒரு சின்னப் பெண்ணை வருஷக் கணக்கில் சும்மா குத்திக்கொண்டிருப்போம்.

"தொண்டையில அந்தக் கிருமி இருக்குதுனு லேப்ல சொல்லட்டும், நான் ஆரம்பிச்சுடறேன்" என்றார் பெரிய டாக்டர்.

மும்தாஜின் தொண்டைப் பஞ்சு வந்தது. தேய்த்தோம். சுத்தம். இன்னொன்று கேட்டு வாங்கினோம். அதுவும் சுத்தம். அவளுடைய தம்பி, நான்கு வயதுப் பையன், அவனுக்கும் தொண்டை வலி என்று காதர் பாய் சொன்னார். அவன் பஞ்சும் சுத்தம்.

டாக்டர் அந்தத் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழுமலை, கெட்ட கிருமி இல்லன்னா ஒத்துக்கறேன். நல்ல கிருமி எங்க? ஒண்ணுமே இல்லாத தொண்டை உலகத்துல கிடையாது" என்றார். என் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பஞ்சு எடுத்தார். தன் தொண்டையிலும் கண்ணாடி முன்னால் நின்று தானே எடுத்துக்கொண்டார். மறுநாள் எங்கள் இரண்டு தட்டிலும் காடு மாதிரி வளர்ந்திருந்தது. ஆக, தட்டில் குற்றம் இல்லை. அண்ணனின் ஆட்டிலும் குற்றம் இல்லை. எங்கள் தொண்டையில் வளர்வது நோயாளிகள் தொண்டையில் ஏன் வளரவில்லை? அன்று அவர் மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை.

காதர் பாய் தினமும் ஆய்வக வாசலுக்கு வந்துவிடுவார். சும்மா உட்கார அவருக்குத் தெரியாது. தட்டுகளை நாங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் அடுக்கி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடி வைப்போம். காற்றைத் தின்றுவிட்டு அது தானாக அணைந்தால் அந்தப் புகைக் காற்றில் கிருமி நன்றாக வளரும். மூடி சரியாகப் பொருந்தாமல் மெழுகுவத்தி எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் விளிம்பு மடித்துப் பற்றவைத்த ஒரு புது டப்பாவைக் கொண்டு வந்து வைத்தார். "காத்து இல்ல, எறும்பு கூட பூராது" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சார், என் பொண்ணு மறுபடி ஓடுவாளா? எங்க தெருவுல அவள யாராலயும் புடிக்க முடியாது சார்" என்று கேட்டார். பார்க்கலாம் பாய் என்று மட்டும் சொன்னேன்.

அவருடைய டப்பாவுக்காகவாவது ஏதாவது வளரக் கூடாதா என்று நொந்துபோய், மூன்றாவது முறையாக மும்தாஜின் பஞ்சை வாங்கி வந்தேன். எல்லாப் பஞ்சையும் போல அதுவும் லேசாக மஞ்சளாக இருந்தது. அது எங்களுக்குப் பழகிய விஷயம். டாக்டர் வந்த புதிதில் ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டார். இந்த ஊரில் தொண்டை வலி என்றால் முதலில் மஞ்சள் போட்ட பால், அப்புறம்தான் ஆஸ்பத்திரி என்றேன். "எங்க வீட்லயும் அதேதான்" என்று அவரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குழாயிலிருந்து பஞ்சை எடுத்துத் தட்டுக்குக் கொண்டு போகும்போது அது என் வெள்ளைக் கோட்டின் கை விளிம்பில் பட்டுவிட்டது. பட்ட இடத்தில் மை கொட்டியது போல ஒரு கறை. கருநீலம்.

"சே, இப்பதான் துவைச்சது" என்று முணுமுணுத்தேன். என் மனைவிக்குக் கோட்டுக்குக் கஞ்சி போடுவதில் தனிப் பிரியம். வடித்த கஞ்சியில் ஊறப்போட்டு, காயவைத்து, தேய்த்துக் கொடுத்தால் கோட்டு தானாக எழுந்து நிற்கும். அந்தக் கறைக்கு வீட்டில் என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினார்.

"என்ன பட்டுச்சு?"

"பேனா மை போல மேடம்."

"பேர் அப்புறம். என்ன பட்டுச்சு?"

"இந்தப் பஞ்சு மேடம்."

"பஞ்சு என்ன நிறம்?"

"மஞ்சள்."

"கறை?"

சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கை வெட்டி வைத்து எல்லாரும் செய்கிற பரிசோதனைதான். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீலமாகும். டாக்டர் வார்டு சமையலறைக்கு ஓடினார், நிஜமாகவே ஓடினார். ஒரு டம்ளர் கஞ்சியும் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளும் கொண்டு வந்தார். மஞ்சள் தூளில் கஞ்சி விட்டோம், மஞ்சளாகவே இருந்தது. மிச்சம் இருந்த பஞ்சில் ஒரு சொட்டு விட்டோம். கறுத்துவிட்டது. டாக்டர் அந்தக் குழாயை முகர்ந்து பார்த்தார். ஆய்வகத்தில் எதையும் முகரக் கூடாது என்று எனக்கு நூறு தடவை சொன்னவர்.

"புதினா வாசனை. பெருமாள் எங்க இருக்காரு?" என்றார்.

பெருமாள் எங்கள் கம்பவுண்டர். தொண்டைக்குப் பூசும் மருந்து அவர் பொறுப்பு. அயோடினையும் கிளிசரினையும் கலந்து, புதினா எண்ணெய் விட்ட பழுப்பு மருந்து. பிரஷ்ஷை அதில் தோய்த்துத் தொண்டைக்குள் விட்டு ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அந்தக் காலத்தில் அந்த மருந்து படாத தொண்டை எங்கள் ஊரில் கம்மி. மருந்து பூசும் அந்த அறையில்தான் எங்களுக்கான பஞ்சையும் அவர் எடுத்து அனுப்பினார். நாங்கள் போனபோது ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மருந்து பூசினார். குழந்தை சப்புக் கொட்டியது. பிறகு பஞ்சை எடுத்து அதே தொண்டையில் தடவிக் குழாயில் போட்டார்.

"பெருமாள், ஏன் மருந்து பூசிட்டு அப்புறம் பஞ்சு எடுக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"பின்ன? வெறும் பஞ்ச உள்ள உட்டா புள்ளைங்க வாந்தி எடுக்குதுங்க மேடம். மருந்து பூசிட்டோம்னா ஜில்லுனு இருக்கும், கம்முனு தொறந்து வச்சிருக்கும். பாவம், நோவுற தொண்ட" என்றார் பெருமாள்.

இரக்கத்தில் செய்த வேலை. கிருமியைக் கொல்லும் மருந்தைப் பூசிவிட்டு, செத்த இடத்தில் கிருமியைத் தேடச் சொல்லி எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "உங்கள எப்படித் திட்டறதுனு எனக்குத் தெரியல பெருமாள்" என்றார். விளக்கிச் சொன்னதும் பெருமாள் முகம் சுண்டிப்போனது. அன்றிலிருந்து முறை மாறியது. முதலில் பஞ்சு, அப்புறம்தான் மருந்து. அழுகிற பிள்ளைகளிடம், "மொதல்ல மேடத்துக்கு ஒண்ணு குடு, அப்பறம் உனக்கு ஜில்லுனு தரேன்" என்று பேரம் பேச அவர் கற்றுக்கொண்டார்.

மும்தாஜுக்கு ஒரு முழு நாள் மருந்து பூசாமல் விட்டு, மறுநாள் காலையில் வாய்கூடக் கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்லி டாக்டரே பஞ்சு எடுத்தார். நாக்கை அமுக்கி, இரண்டு பக்கச் சதையிலும் அழுத்தித் தேய்த்து, நாக்கிலும் கன்னத்திலும் படாமல் வெளியே எடுத்தார். மும்தாஜ் கண்ணில் தண்ணீரோடு அவரை முறைத்தாள். தம்பிக்காரன் கடித்தே விட்டான். பஞ்சு இரண்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. அவ்வளவு நாளில் அப்படி ஒரு பஞ்சை நாங்கள் பார்த்ததே இல்லை.

தட்டின் ஓரத்தில் பஞ்சைத் தேய்த்தேன். கம்பி வளையத்தைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அந்த ஓரத்திலிருந்து கோடு கோடாக இழுத்தேன். திரும்பக் காய்ச்சி, திரும்ப இழுத்தேன். கடைசிக் கோடுகளில் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழ வேண்டும், அப்போதுதான் அடையாளம் தெரியும். காதர் பாயின் டப்பாவில் வைத்து மெழுகுவத்தி ஏற்றி மூடினேன். உள்ளே சுடர் அணைந்திருக்கும் என்று நம்பிச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கோட்டில் இருந்த கறையை என் மனைவி பார்த்துவிட்டாள். அது கறை இல்லை, மெடல் என்றேன். அவள் நம்பவில்லை.

காலையில் டாக்டர் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தார். டப்பாவை அவர் திறக்கவில்லை. "நீங்க எடுங்க" என்றார். தம்பியின் தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன்.

"சொல்லுங்க."

"ஊசி முனை மாதிரி புள்ளிங்க மேடம். சாம்பல் நிறம். நெறைய. ஒவ்வொண்ணச் சுத்தியும்..." டாக்டர் தட்டுக்குப் பின்னால் விரலை நீட்டினார். "ஒவ்வொண்ணச் சுத்தியும் ரத்தம் கரைஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குது. அந்தப் பக்கம் உங்க வெரல் தெரியுது."

"அவ தட்டு?"

மும்தாஜின் தட்டில் சாதாரணக் கிருமிகள் நிறைய. அவற்றுக்கு நடுவில், ஒரு ஓரமாக, தெளிந்த வளையங்கள் கொஞ்சம். கொஞ்சம்தான், ஆனால் சந்தேகமே இல்லை. ஒன்றைத் தொட்டு எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். ஊதா மணிகள் சரம் சரமாக நின்றன. வேறொரு தட்டில் அதை மட்டும் தனியாகத் தேய்த்து, பாசிட்ராசின் என்ற மருந்து தோய்ந்த ஒரு சின்ன வட்டக் காகிதத்தை நடுவில் வைத்தோம். இந்த வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்த மருந்துக்கு நடுங்கும், பக்கத்தில் வளராது. அடுத்த நாள் காகிதத்தைச் சுற்றி வெற்றிடம் விழுந்திருந்தது. "இப்போ பேர் சொல்லலாம்" என்றார் டாக்டர். சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு பெயரை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை, என் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோது கூட.

அன்றைக்கே ஊசி ஆரம்பமானது. தம்பிக்கும் மருந்து கொடுத்தார்கள். சில வாரத்தில் மும்தாஜ் நடந்து வீட்டுக்குப் போனாள். நெஞ்சில் அந்தச் சத்தம் மட்டும் இப்போது பெரிய டாக்டருக்குத் தெளிவாகவே கேட்டது. வால்வில் ஒரு கசிவு. இனிமேல் தொண்டை கெடாமல் காப்பாற்றினால் அது தானாக ஆறக்கூடும், கெட்டால் ஆறாது என்றார்.

இரண்டாவது ஊசிக்குக் காதர் பாய் வந்து தயங்கி நின்றார். ஊசி போட்ட இடம் கல்லாக வீங்குகிறதாம், பிள்ளை ராத்திரி எல்லாம் அழுகிறாளாம். "நல்லாதான ஓடியாடி இருக்கறா மேடம். இன்னும் இன்னாத்துக்கு?" டாக்டர் ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் காட்டினார். அந்தப் புள்ளி இருந்த இடத்தில் ரத்தம் என்ன ஆகியிருக்கிறது பாருங்கள் என்றார். காதர் பாய் தட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"களிம்பு மாதிரி கீது" என்றார்.

"என்னது?"

"பித்தளைல களிம்பு ஏறுச்சுன்னா அந்த எடத்தத் தின்னுடும் மேடம். அதுக்குத்தான் ஈயம் பூசறோம். ஒருவாட்டி பூசிட்டா போதும்னு ஜனங்க நெனைக்குது. தேய்ஞ்சுகினே இருக்கும், பூசிகினே இருக்கணும்." தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் மகளைப் பார்த்து, "வாம்மா, பூசிகினு வந்துடலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒருமுறை கூடத் தவறவில்லை. மழைக்கும் வந்தார், நோன்புக்கும் வந்தார். டாக்டர் ஹேமலதா கல்யாணமாகி வடக்கே போனார். பெரிய டாக்டர் ஓய்வு பெற்றார். பெருமாள் இறந்துபோனார். மும்தாஜ் பாவாடை போய்த் தாவணி வந்து, பிறகு தனியாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, ஊசி போடும் நர்ஸிடம் "போன வாட்டி வலது பக்கம், இப்ப இடது" என்று உத்தரவு போடுகிற அளவுக்கு வளர்ந்தாள். தொண்டை லேசாகக் கரகரத்தாலும் நேராக என்னிடம் வந்து வாயைத் திறந்து நிற்பாள். ஒவ்வொரு முறையும் மறுநாள் அவள் தட்டைத்தான் முதலில் திறப்பேன். அந்த வளையம் அதற்குப் பிறகு அவள் தட்டில் விழவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அவளுக்கு ஆம்பூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொண்ணு மூணு வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், நெஞ்சில் ஏதோ கோளாறு என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவோம் என்று மாப்பிள்ளையின் அம்மாவே கிளம்பி வந்துவிட்டார். காதர் பாய் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் ஒரு இதய டாக்டர் வந்துகொண்டிருந்தார். இளைஞர். அவருக்கு மும்தாஜின் கதை ஒன்றும் தெரியாது. உட்காரவைத்துக் கேட்டார், படுக்கவைத்துக் கேட்டார், இடது பக்கமாகச் சாயச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஈயச் சட்டி பிடித்த கை, எனக்கு எலும்பு நொறுங்கியது. டாக்டர் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றினார்.

"ஒண்ணுமே இல்லையேம்மா. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

நான் கேட்ட ரிசல்ட்டுகளிலேயே பெரிய ரிசல்ட் அதுதான். காதர் பாய் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. ஆம்பூர் அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்றாரு. அப்பறம் இத்தன வருஷமா எதுக்குமா ஊசி போட்டுகிட்ட? எல்லாம் வீண்தான?" என்று மும்தாஜைக் கேட்டார்.

மும்தாஜ் முந்தானையைச் சரிசெய்துகொண்டு படுக்கையிலிருந்து இறங்கினாள்.

"ஒண்ணும் இல்லாம இருக்கத்தான் போட்டுகிட்டேன், மாமி."